கசப்பு இல்லாத வெள்ளிக்கிழமை

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவைதான். அத்தனை வருஷம் எங்கள் பஸ்ஸில் வந்து போன மனிதர். பலகை சீட் காலியாகவே கிடக்கும். அவர் பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கால் ஊன்றியிருக்கும், இன்னொரு கால் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருக்கும். விரல்கள் கூரைத் தகரத்தில் தட்டியபடி இருக்கும். டிக்கெட் கொடுக்கப் போகும்போதெல்லாம் நான் அவர் கைக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். என் முதுகு வலிக்கு முதல் காரணம் அவர்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"மெம்பரய்யா, செத்த குந்துங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"குந்துனா மறந்துபூடும்பா" என்பார்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள். பட்டணத்திலிருந்து கிளம்பி போரூர், பூந்தமல்லி வழியாக நசரத்பேட்டை வரைக்கும் ஓடிய ஒரு தனியார் வண்டியில் நான் கண்டக்டர். காதர் பாய் டிரைவர். நின்றுகொண்டே வருகிற அவர் எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய பேரப்பிள்ளைகள் வருத்தப்படலாம், இல்லாவிட்டால் பெருமைப்படலாம். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

மாங்காட்டுக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் வருகிறவர் பூந்தமல்லியில் இறங்கி நடந்தால் விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். இறங்க மாட்டார். எங்களோடு நசரத்பேட்டை வரைக்கும் வருவார். அங்கே வண்டி திரும்புகிற புளியமரத்தடியில் ஒரு கூட்டம் காத்திருக்கும். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கிற குடியானவர்கள், அவர்கள் வயலில் கூலிக்குப் போகிறவர்கள், மோர் விற்றுவிட்டு வருகிற பெண்கள். பின்படியில் நின்றபடியே அந்த வாரம் சபையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுவார். சொல்லி முடித்து அதே வண்டியில் பூந்தமல்லிக்குத் திரும்பி, அதற்கப்புறம்தான் மாங்காட்டுக்கு நடை. திரும்பிப் போகிற சனங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருப்பார்கள். காதர் பாய் ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அமுக்கிப் பார்ப்பார். அதுவும் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு மெம்பர் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஊர்ச் சேதி ஒன்று, மாகாணச் சேதி ஒன்று, கசப்பு ஒன்று. கசப்பு என்றால் நமக்குப் பிடிக்காத சேதி. வரி ஏறப்போகிறது, கேட்ட பாலம் கிடையாது என்றுவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், இப்படி ஏதாவது. ஓட்டு வாங்கினவன் எவனாவது தன் வாயால் இதையெல்லாம் சொல்லுவானா? இவர் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து சொல்லுவார். மற்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சனங்கள் நகரமாட்டார்கள். "கசப்பு இன்னா மெம்பரே?" என்று கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுக்கவேண்டும், அவர் சட்டையின் இடது பையில் கைவிட வேண்டும். அப்படி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இடது பை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் குறிப்பு எழுதுவது பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில். இறங்குகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் டிக்கெட்டையெல்லாம் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். நல்ல சேதி வலது பையில், கசப்பு இடது பையில். சபைக்குள்ளும் பேப்பர்க்கட்டு ஏதுமில்லாமல் டிக்கெட்டைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பாராம். அதையும் அவரேதான் சொன்னார். தனக்கு மானக்கேடான விஷயத்தைச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை இப்படிச் சொன்னார்: "உங்க ரோட்டப் பத்தி கேட்டேன். மந்திரி எழுந்து இங்கிலீசுல பதில் சொன்னாரு. எனக்குப் பாதி புரியல. சுத்தி எல்லாரும் பாத்துகினு இருந்தாங்களா, புரிஞ்சமாரி தலையாட்டிட்டு நின்னுட்டேன். தப்புதான். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டுகினு வரேன்."

கூட்டம் சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் நிஜமாகவே மறுபடி கேட்டுக்கொண்டு வந்தார். ரோடு கிடையாது என்பதுதான் பதில். அது அந்த வாரத்துக் கசப்பு.

இன்னொரு தடவை மாகாணச் சேதியாக, வேறொரு ஜில்லாவில் கள்ளுக்கடை எல்லாவற்றையும் மூடப்போகிறார்கள் என்றார். "நம்ப ஜில்லாவுக்கு எப்ப மெம்பரே?" என்று ஒருவன் பதறிப்போய்க் கேட்டான்.

"ஏம்பா, அவ்ளோ சந்தோசமா?"

"இல்ல சாமி, அதுக்குள்ள ஆவ வேண்டியத பாத்துக்கணுமே!"

அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவனுக்கும் நாலெழுத்துப் படித்தவனுக்கும்தான் ஓட்டு. புளியமரத்தடியில் நின்ற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டுக் கிடையாது. காதர் பாய்க்கு இது பொறுக்காது. "ஓட்டு இல்லாத ஆளுக்கு எதுக்கு சார் இம்மாம் பேச்சு? எரியறது தண்ணி இல்ல சார், பெட்ரோல்" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். "சட்டம் மட்டும் ஓட்டு இல்லாதவன் ஊட்டுக்குப் போவாம நிக்குதா பாய்?" என்று மெம்பர் திருப்பிக் கேட்டார். பாய் அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை.

சொல்லாமல் இருக்க முடியாத அந்தச் சுபாவத்தால் அவர் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். ஏரியில் தண்ணீர் வற்றின பக்கம் புல் நிறைய முளைக்கும். அங்கே மாடு மேய்ப்பதற்குச் சர்க்காருக்குக் காசு கட்டவேண்டும். அதை எடுத்துவிடப்போகிறார்கள் என்று சபை வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்து, "இன்னும் முடிவாவல, பேச்சு நடக்குது" என்றுதான் சொன்னார். சனங்கள் காதில் முன்பாதி விழவில்லை. மறுநாளே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்குள் விட்டார்கள். காவல்காரன் அத்தனையையும் பிடித்துச் சர்க்கார் பட்டியில் அடைத்துவிட்டான். ஒரு சினைப்பசு அங்கேயே கன்று ஈன்று, நெரிசலில் கன்று செத்துப்போனது. மெம்பர் ஒரு பகல் முழுக்கப் பட்டி வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து மன்றாடி மாடுகளை வெளியே கொண்டுவந்தார். சபையில் அவர் கட்சிப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, "உத்தரவு வராத விஷயத்தை ஊரில் போய்ச் சொன்னால் இப்படித்தான் ஆகும், வாயைக் கட்டு" என்று எல்லார் முன்னிலையிலும் திட்டினாராம். இதையும் அந்த வாரக் கசப்பாக அவரே படியில் நின்று சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் விரல் தகரத்தில் தட்டவில்லை.

இப்போது என் அண்ணன் ஏழுமலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நானும் அண்ணன் குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அண்ணன் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால்தான் அண்ணனுக்கு வரும். முந்தின வருஷம் பயிர் பாதிதான் தேறியது. இன்னொரு தடவை பொய்த்தால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அந்த மார்கழியில் ஏரியில் தண்ணீர் சுமாராக இருந்தது. சம்பா அறுவடை முடிந்து, அடுத்த போகமான நவரைக்கு விதை விடலாமா வேண்டாமா என்று ஊரே குழம்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மதகைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள் என்று ஒரு புரளி. மதகை அடைத்துவிட்டால் நவரைக்குத் தண்ணீர் ஏது? எல்லாரும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். எதுவானாலும் மெம்பர் வந்து சொல்லிவிடுவார் என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் உட்கார்ந்தார்.

பட்டணத்தில் ஏறினதும் நேரே மூன்றாவது சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். குனியாமல் டிக்கெட் கொடுக்கலாமே! உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை. போரூர் தாண்டும்போது அவர் இடது பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தார். படித்தார். மடித்தார். திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். பூந்தமல்லி வருவதற்குள் இதையே நாலு தடவை செய்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் இடது பை என்பது தெரியும்.

நசரத்பேட்டையில் எழுந்து படிக்கு வந்தார். ஊர்ச் சேதி சொன்னார். மாகாணச் சேதி சொன்னார். நிறுத்திவிட்டார். கூட்டத்தின் முன்னால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்ற என் அண்ணன்தான் குரல் கொடுத்தார்.

"கசப்பு இன்னா மெம்பரே?"

அவர் கை இடது பைப் பக்கம் போனது. போய், சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

"இன்னிக்குக் கசப்பு இல்லப்பா" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் என்ன ஆரவாரம்! விசில் பறந்தது. மோர்க்காரப் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் கசப்பு இல்லாத வெள்ளிக்கிழமை அதுதான் முதல். மதகை அடைக்கப்போவதில்லை என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் வரும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாததையே எங்கள் ஊர் சேதியாக எடுத்துக்கொண்டது. கசப்பு இல்லை என்றால் மதகு அடைப்பும் இல்லை, அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு. வேறு ஊர்க்காரன் இப்படி ஏமாந்திருக்கமாட்டான், ஏனென்றால் வேறு ஊரில் இப்படி ஒரு மெம்பர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் விதைநெல் பானையை இறக்கினார். நான் கதவுப் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாமே அண்ணாத்தே" என்றேன்.

"ஏன், இன்னா சேதி? எதுனா கேள்விப்பட்டியா?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"அவரே கசப்பு இல்லன்னுட்டாரு. அப்பறம் இன்னாடா யோசன?" என்றபடி அண்ணன் நெல்லை நனைக்கப் போட்டார். அண்ணி பானையைக் கவிழ்த்துத் தட்டி ஒட்டியிருந்த நெல்லையும் எடுத்தாள். அதற்குமேல் விதை கிடையாது.

நான் ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷமாக இதற்கு எனக்கு நானே பல பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மெம்பர் உட்கார்ந்தார், ஒரு காகிதத்தை எடுத்துத் திரும்ப வைத்தார் என்று சொன்னால் யார் மதிப்பார்கள் என்று ஒரு பதில். அவர் பையை எட்டிப் பார்த்தது போலாகுமே என்று ஒரு பதில். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒருத்தன் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்றுகூட ஒரு பதில் உண்டு. உண்மை என்னவென்றால், சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

அதற்கப்புறம் மூன்று வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வண்டியில் வரவில்லை. சபையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று சனங்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். நாற்றுப் பறித்தார்கள், நட்டார்கள். பயிர் பச்சை பிடித்துக்கொண்டு வருகிற சமயத்தில் ஒரு காலை தண்டோரா போட்டுக்கொண்டு ஆள் வந்தான். மதகு வேலை ஆரம்பம், நாளை முதல் தண்ணீர் அடைப்பு. பறைச் சத்தம் தெருக்கோடியில் நின்றபிறகும் அண்ணன் கையிலிருந்த கூழ்ச் சட்டியைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மெம்பர் வந்தார். நின்றுகொண்டுதான் வந்தார். புளியமரத்தடியில் அன்றைக்கு வந்திருந்த கூட்டம் மும்மடங்கு. ஆனால் எல்லாருடைய கோபமும் சர்க்கார் மேல்தான். "எங்க மெம்பருக்கே தெரியாம பண்ட்டானுங்களே" என்று ஆளாளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அவர் பேரில் ஒரு தூசு ஒட்டியிருக்காது.

ஊர்ச் சேதியும் சொல்லவில்லை, மாகாணச் சேதியும் சொல்லவில்லை. இடது பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்தார். மடித்து மடித்து நான்காகக் கிழிகிற நிலையில் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும். இதுல எழுதிகினு வந்தேன். உத்தரவு வர்ற வரிக்கும் வெளிய சொல்லாதன்னாங்க. ஒரு வாரத்துல வந்துரும்னாங்க. மாடு சமாச்சாரத்துல நான் முந்திக்கினதால ஒரு கன்னு செத்துப்போச்சா, இந்தத் தபா வாயக் கட்டிகினு இருப்போம்னு இருந்துட்டேன். ஒரு வாரம் நாலு வாரமாயிப்போச்சி. நீங்க விதை விட்டீங்கன்னு தெரிஞ்சிது. அப்பவும் வரல. உங்க மூஞ்சியப் பாக்க பயந்துகினு வேற வண்டியில பூட்டேன். இதான் கசப்பு."

திட்டுவார்கள், கல் விழும் என்று நான் பயந்தேன். காதர் பாய்கூடத் தயாராக ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து கண்ணம்மா என்கிற நடவுக் கூலிக்காரி முன்னுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை.

"எங்களுக்கு நெலமும் இல்ல, ஓட்டும் இல்ல சாமி. உன் சேதி ஒண்ணுதான் இருந்திச்சி. அதையும் புடுங்கிகினியே" என்றாள்.

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். அவரைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காதர் பாய் வண்டியைத் திருப்பினார். மெம்பர் ஏறவில்லை. "நீங்க போங்க பாய்" என்று கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். சபையில் எழுந்து கத்தினார். கடைசியில் வேலையைச் சில நாள் நிறுத்தி மதகைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். முன்வயல்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. வாய்க்காலில் ஈரம் எங்கள் வரப்புக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது.

இரண்டாவது தடவை அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். பயிர் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டிருந்தது. அண்ணன் வரப்பில் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் வேட்டி மண்ணாக மெம்பரும் குந்தியிருந்தார். நான் அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் தூக்கைத் திறந்து, மூடியில் கொஞ்சம் போட்டு அவர் பக்கம் தள்ளினார். அவர் சாப்பிட்டார். அவர் காலும் விரலும் அசையாமல் இருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

நிலம் கைமாறிவிட்டது. அண்ணன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் மெலிந்து பத்துப் பதினைந்து பேர் என்று ஆயிற்று. அவர் விடாமல் வந்தார். நின்றுகொண்டேதான் வந்தார். ஒரே ஒரு மாற்றம், கசப்பை முதலில் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் சூளை மண்ணோடு வந்து நிற்கிற என் அண்ணன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கசப்பு இன்னா மெம்பரே?" என்பார். அப்புறம் யுத்தம் வந்தது, மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள், சபைக்கே பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவர் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வண்டியில் ஏறி, நசரத்பேட்டை வரைக்கும் வந்து, சொல்ல ஒன்றுமில்லாமல் அதே வண்டியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் எப்போது வராமல் போனார் என்பது நினைவில்லை.

ஊர் அவரை, சேதியை நாலு வாரம் மறைத்த மனிதர் என்றுதான் நினைவு வைத்திருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஏனென்றால் அவர் நாலு வாரம்தான் மறைத்தார்.

அண்ணன் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு திடீரென்று கேட்டார்.

"டேய், அந்த வெள்ளிக்கிழம நீ வண்டியிலதான இருந்த? வரும்போது மெம்பரு எப்பிடிடா இருந்தாரு? எதுனா தெரிஞ்சிச்சா?"

"கவனிக்கல அண்ணாத்தே" என்றேன். "டிக்கெட்டு குடுத்துகினு இருந்தேன்."